ஜெரெமியின் இறந்தவர்கள்: ஓர் ஊர் யாரை நினைவில் வைத்திருக்கிறது, யாரை இழக்கிறது?

ஹெய்ட்டி பற்றி நமக்கு வந்து சேரும் செய்திகள் பெரும்பாலும் ஆயுதக் கும்பல்கள், மூடிக் கிடக்கும் விமான நிலையம், துண்டிக்கப்பட்ட சாலைகள் பற்றியவை. 2021 ஜூலை 7 அன்று குடியரசுத் தலைவர் ஜோவனெல் மொயீஸ் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது. இதற்கு நடுவிலும் வெளிநாடுகளில் வாழும் ஹெய்ட்டியர்கள் ஒரு வேலையை விடாமல் செய்துவருகிறார்கள். சொந்த ஊரில் பிறந்து மறைந்தவர்களின் பெயர்களைத் தொகுக்கிறார்கள், அவர்களுக்காகத் திருப்பலி நடத்துகிறார்கள், நினைவுக் குறிப்புகள் எழுதுகிறார்கள். உயிரோடு இருப்பவர்களுக்கே பாதுகாப்பில்லாத நாட்டில் இறந்தவர்களின் பட்டியலுக்கு ஏன் இவ்வளவு அக்கறை?

இதைப் புரிந்துகொள்ள ஜெரெமி என்ற ஊரை எடுத்துக்கொள்ளலாம். கவிஞர்களின் நகரம் என்று ஹெய்ட்டியர்கள் அழைக்கும் ஊர் அது. அங்கே இறந்தவர்களில் சிலருடைய பெயர் பாரிஸ் வரை போயிருக்கிறது. சிலருடைய பெயரை 22 ஆண்டுகள் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. இன்னும் சிலருக்குப் பெயர்ப் பட்டியலே கிடையாது. இந்த மூன்று நிலைகளுக்கும் தனித்தனிக் காரணங்கள் உண்டு.

## ஊர் எங்கே இருக்கிறது?

ஹெய்ட்டியின் தென்மேற்கில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் தீபகற்பத்தின் வடகரையில், கிட்டத்தட்ட அதன் மேற்கு முனையில் ஜெரெமி இருக்கிறது. கிராந்தான்ஸ் மாநிலத்தின் தலைநகரம். காப்பியும் கொக்கோவும் விளையும் மலைப்பகுதி. தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸிலிருந்து தரைவழியாக வருவது எப்போதுமே சிரமம், நடுவே மலைகள். அதனால் நீண்ட காலம் கடல்தான் இந்த ஊரின் வாசல். இந்த ஒதுங்கிய இருப்பு பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் முக்கியம். ஊர் தனக்கென ஒரு பண்பாட்டை வளர்த்துக்கொண்டதற்கும், அங்கே நடந்த கொடுமைகள் வெளியே தெரிய நாளானதற்கும் அதுவே காரணம்.

பிரெஞ்சுக் காலனியாக இருந்தபோது நாட்டின் பெயர் சான்-தொமிங். அடிமைகளின் புரட்சி வென்று, 1804 ஜனவரி 1 அன்று ஹெய்ட்டி விடுதலை பெற்றது. புரட்சியின் நடுவில், 1793 முதல் 1798 வரை, ஜெரெமி பிரிட்டிஷ் படைகளின் கையில் இருந்தது. அடிமை முறை ஒழிவதை விரும்பாத தோட்ட முதலாளிகளே அவர்களை வரவேற்றார்கள். விடுதலைக்குப் பிறகு கலப்பின (கறுப்பர், வெள்ளையர் இரு வழியிலும் வந்த) வணிகக் குடும்பங்கள் ஊரில் செல்வாக்குப் பெற்றன. நிறத்தைப் பார்த்து ஆளை ஒதுக்கும் பழக்கம் கடுமையாக இருந்த ஊர் என்ற பெயரும் ஜெரெமிக்கு உண்டு. ஊரின் 'முக்கியமானவர்கள்' என்று யாருடைய பெயர் தொகுக்கப்படுகிறது என்று பார்க்கும்போது இதை மறக்கக் கூடாது.

## இறந்தவரை நினைப்பது அங்கே எப்படி நடக்கிறது?

ஹெய்ட்டியில் இறந்தவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவது பெரும் குறை. ஒருவர் இறந்தால் வானொலியில் அறிவிப்பு வரும். உறவினர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படிப்பார்கள். அடக்கத்துக்குப் பிறகு ஒன்பது நாள் ஜெபம் நடக்கும். கடைசி நாள் ஜெபம் முடிந்தால்தான் சடங்கு முழுமை பெறும். கிராமப்புறங்களில் குடும்பத்தின் சொந்த நிலத்திலேயே கல்லறை கட்டுவார்கள். சிறிய வீடு போலக் கட்டி வண்ணம் பூசிய கல்லறைகளை அங்கே பரவலாகப் பார்க்கலாம். நிலம் யாருடையது என்பதற்கு அந்தக் கல்லறையே சாட்சியாக நிற்பதும் உண்டு.

ஒவ்வொரு நவம்பர் 1, 2 தேதிகளிலும் கல்லறைத் தோட்டங்கள் நிரம்பிவிடும். கத்தோலிக்க மரபில் அது அனைத்துப் புனிதர், இறந்தோர் நாள். ஆப்பிரிக்க வேர்கள் கொண்ட ஹெய்ட்டிய மதமான வோடு மரபில் கெடே எனப்படும் இறந்தோர் ஆவிகளின் திருவிழா. பல குடும்பங்களில் இரண்டும் சேர்ந்தே நடக்கும். மெழுகுவர்த்தி ஏற்றி, காப்பியும் சாராயமும் ஊற்றிப் படைப்பார்கள். கல்லறைத் தோட்டத்தில் முதலில் புதைக்கப்பட்ட ஆண் அதன் காவல் தெய்வமான பாரோன் ஆகிறார் என்பது நம்பிக்கை.

இந்தப் பழக்கங்கள் நடக்க மூன்று விஷயங்கள் வேண்டும்:

1. இறந்தவர் இன்னார் என்று சொல்லும் பெயர். அது ஏட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் யாராவது ஒருவர் நினைவில் இருக்க வேண்டும்.
2. போய் நிற்க ஓர் இடம். கல்லறை, இல்லையென்றால் இறந்த இடமாவது தெரிய வேண்டும்.
3. அந்தப் பெயரை அந்த இடத்தில் பயமின்றிச் சொல்லும் நிலைமை.

ஜெரெமியின் வரலாற்றில் இந்த மூன்றும் வெவ்வேறு ஆட்களுக்கு வெவ்வேறு காலத்தில் இல்லாமல் போயின.

## பெயர் நிலைத்தவர்கள்

ஜெரெமியில் பிறந்தவர்களில் உலகம் அதிகம் அறிந்தவர் தளபதி தோமா-அலெக்சாந்தர் டூமா. 1762 மார்ச் 25 அன்று பிறந்தவர். தந்தை பிரெஞ்சுப் பிரபு. தாய் மரி-செசெத் டூமா, அடிமைப்பட்டிருந்த கறுப்பினப் பெண். தந்தை பிரான்சுக்குத் திரும்பக் கப்பல் செலவுக்குப் பணமில்லாமல் மகனையே போர்ட்-ஓ-பிரின்ஸில் அடகு வைப்பதுபோல விற்று, பிறகு மீட்டு வரவழைத்தார். 1786இல் சாதாரணப் படைவீரனாகச் சேர்ந்தபோது மகன் தந்தையின் குடும்பப் பெயரை விட்டுவிட்டுத் தாயின் பெயரை எடுத்துக்கொண்டார். பிரெஞ்சுப் புரட்சிப் படைகளில் தளபதியாக உயர்ந்தார். எகிப்துப் படையெடுப்பில் நெப்போலியனோடு மனக்கசப்பு ஏற்பட்டது. திரும்பும் வழியில் இத்தாலியில் இரண்டு ஆண்டுகள் சிறைப்பட்டு, உடல்நலம் கெட்டு, 1806இல் இறந்தார். புகழ்பெற்ற நாவலாசிரியர் அலெக்சாந்தர் டூமா இவருடைய மகன்.

தளபதிக்குப் பாரிஸில் ஒரு சிலை இருந்தது. ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் அதை அகற்றி உருக்கிவிட்டார்கள். 2009இல் அதே சதுக்கத்தில் அவருடைய நினைவாக, உடைந்த அடிமை விலங்குகளின் வடிவில் பெரிய சிற்பம் வைக்கப்பட்டது. நாவலாசிரியரின் உடல் 2002இல் பாந்தெயோனுக்கு, பிரான்சின் பெருமக்களை அடக்கம் செய்யும் மண்டபத்துக்கு, மாற்றப்பட்டது. இத்தனையும் பிரான்சில். தாய் மரி-செசெத்துக்கோ அறியப்பட்ட கல்லறை இல்லை, அவர் முகம் எப்படி இருந்தது என்று சொல்லும் படமும் இல்லை. ஜெரெமியிலிருந்து உலகம் முழுக்கப் போன பெயர் ஓர் அடிமைப் பெண்ணின் பெயர் என்பதை டூமா குடும்பத்தைப் பற்றி எழுதுபவர்கள் ஒரே வரியில் கடந்துவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அடுத்து கவிஞர்கள். எட்சேர் விலேர் 1872இல் ஜெரெமியில் பிறந்த வழக்கறிஞர்; பிரெஞ்சு அகாதெமியின் பரிசைப் பெற்றவர். எமில் ரூமேர் 1903இல் பிறந்தவர். 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படைகள் ஹெய்ட்டியை ஆக்கிரமித்திருந்தன. அந்தக் காலத்தில், 1927இல், பிரான்சைப் பார்த்து எழுதுவதை விட்டுவிட்டு நாட்டு மக்களின் வாழ்விலிருந்து எழுத வேண்டும் என்று சில இளைஞர்கள் ஒரு இதழைத் தொடங்கினார்கள். ரூமேர் அவர்களில் ஒருவர். காதலியை ஹெய்ட்டிய சமையல் பண்டங்களால் வர்ணிக்கும் அவருடைய கவிதையை இன்றும் ஹெய்ட்டியர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஜான்-ஃபெர்னான் பிரியேர் 1909இல் பிறந்தவர். சர்வாதிகாரத்தில் சிறைப்பட்டு, நாட்டைவிட்டுப் போய், செனகலில் நீண்ட காலம் வாழ்ந்து, 1992இல் மறைந்தார். ரெனே ஃபிலோக்தெத் 1932இல் பிறந்து 1995இல் மறைந்தவர். இவரும் ஜெரெமிக்காரரான ஜான்-குளோத் ஃபிஞ்ஞோலேயும் எழுத்தாளர் ஃப்ராங்கெத்தியெனோடு சேர்ந்து 1960களில் சுழல் இயக்கம் என்ற இலக்கியப் போக்கைத் தொடங்கினார்கள்.

இவர்களை எப்படி மறக்காமல் இருக்கிறார்கள் என்பதில் புதிர் எதுவும் இல்லை. அச்சான புத்தகங்கள் இருக்கின்றன, பள்ளிப் பாடத்தில் வருகிறார்கள். ஊர் அழிந்தாலும் இன்னொரு நாட்டின் நூலகத்தில் அவர்கள் இருப்பார்கள்.

## 1964: பெயரைச் சொல்லவே பயந்த காலம்

ஃபிரான்சுவா துவாலியே 1957இல் ஆட்சிக்கு வந்தார். கலப்பின மேல்தட்டின் ஆதிக்கத்துக்கு எதிராகக் கறுப்பினப் பெரும்பான்மையின் குரல் தான் என்று சொல்லிக்கொண்டவர். அவருக்கென்று தனியாக ஒரு ஆயுதப் படை இருந்தது. மக்கள் அதைத் தொந்தோன் மக்கூத் என்றார்கள். ராணுவத்தையும் காவல்துறையையும் விட மக்கள் அதிகம் அஞ்சியது அவர்களிடம்தான். 1964இல் அவர் தன்னை வாழ்நாள் குடியரசுத் தலைவராக்கிக்கொண்டார்.

அதே ஆண்டு ஆகஸ்டின் முதல் வாரத்தில், நியூயார்க்கிலிருந்து வந்த 'இளம் ஹெய்ட்டி' குழுவின் 13 இளைஞர்கள் ஜெரெமிக்கு மேற்கே தாம்-மரி அருகே படகில் வந்து இறங்கினார்கள். ஆட்சியைக் கவிழ்ப்பது நோக்கம். பலர் ஜெரெமிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மலைகளில் ஏறக்குறைய மூன்று மாதம் போராடினார்கள். ஒவ்வொருவராகச் சண்டையில் இறந்தார்கள். இருவர் மட்டும் உயிரோடு பிடிபட்டார்கள்: மார்செல் நூமா, லூயி துருவேன்.

அரசு பழிதீர்த்தது அந்த இளைஞர்களோடு நிற்கவில்லை. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை ஜெரெமியில் துருவேன், சான்சாரிக், வில்துருவேன் முதலிய குடும்பங்களைச் சேர்ந்த 27 பேரைப் பிடித்துக் கொன்றார்கள். முதியவர்கள், பெண்கள், பள்ளிக்குப் போகும் வயதுகூட ஆகாத குழந்தைகள். ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொன்று குழிகளில் தள்ளினார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. இந்தப் படுகொலைக்கு ஜெரெமியின் மாலைச்செபம் என்று பெயர் வந்தது. 1282இல் சிசிலியில் நடந்த ஒரு படுகொலைக்கு ஐரோப்பிய வரலாற்றில் வழங்கும் பெயரிலிருந்து வந்தது அது.

1964 நவம்பர் 12 அன்று நூமாவையும் துருவேனையும் போர்ட்-ஓ-பிரின்ஸ் பொதுக் கல்லறைத் தோட்டத்தின் சுவர் அருகே கம்பங்களில் கட்டிச் சுட்டார்கள். நூமாவுக்கு 21 வயது, துருவேனுக்கு 31. பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வந்து பார்க்க வைத்தார்கள். படம்பிடித்துக் காட்டவும் செய்தார்கள். நூமா கறுப்பர், துருவேன் கலப்பினத்தவர். ஒரே கனவுக்காக இருவரும் ஒன்றாக இறந்தார்கள் என்பது, நிறத்தை வைத்து அரசியல் செய்த ஆட்சிக்கு அவர்கள் கொடுத்த பதில் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

தலைநகரில் எல்லோரும் பார்க்கக் கொன்றார்கள், ஜெரெமியில் இருட்டில் கொன்றார்கள். இரண்டின் விளைவும் ஒன்றுதான். ஜெரெமியில் மிஞ்சியவர்களுக்கு அடக்கம் செய்ய உடல் இல்லை. ஒன்பது நாள் ஜெபம் வைத்தால் அதுவே எதிர்ப்பாகக் கருதப்படும். யார் கொன்றார்கள் என்று ஊருக்கே தெரியும், ஆனால் அவர்களும் அதே தெருவில்தான் நடமாடினார்கள். முடிந்தவர்கள் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். கவிஞர்களை வளர்த்த படித்த கூட்டம் பெரும்பாலும் கலைந்தது. நியூயார்க்கும் மாண்ட்ரியலும் ஊரின் நினைவைச் சுமக்கும் இடங்களானது இப்படித்தான்.

1971இல் ஃபிரான்சுவா துவாலியே ஆட்சியில் இருந்தபடியே இறந்தார். மகன் ஜான்-குளோத் 1986 பிப்ரவரி 7 அன்று நாட்டைவிட்டு ஓடினார். அப்போது மக்கள் அதே பொதுக் கல்லறைத் தோட்டத்தில் தந்தையின் சமாதியை உடைத்தார்கள். உள்ளே உடல் இல்லை. அதற்குப் பிறகுதான் உறவினர்கள் 27 பேரின் பெயர்களையும் வயதுகளையும் வெளிப்படையாக எழுத ஆரம்பித்தார்கள். ஜான்-குளோத் 2011இல் நாடு திரும்பினார். மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களுக்காக அவரை விசாரிக்கலாம் என்று 2014 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அக்டோபரில் அவர் இறந்துவிட்டார், விசாரணை நடக்கவே இல்லை. நீதிமன்றத் தீர்ப்பு வந்திருந்தால் அதுவே ஓர் ஆவணமாக இருந்திருக்கும். அது இல்லாத இடத்தில் குடும்பங்கள் எழுதிவைத்த பட்டியல்தான் ஆவணம். அவர்கள் ஏன் ஒவ்வொரு பெயரிலும் ஒவ்வொரு வயதிலும் அவ்வளவு கறாராக இருக்கிறார்கள் என்பது இங்கே விளங்கும்.

## 1993: பட்டியலே இல்லாதவர்கள்

'நெப்டியூன்' ஜெரெமிக்கும் போர்ட்-ஓ-பிரின்ஸுக்கும் இடையே ஓடிய கப்பல். சாலை மோசம் என்பதால் சாதாரண மக்கள் அதில்தான் போவார்கள். 1991 ராணுவக் கவிழ்ப்பு, அதைத் தொடர்ந்த பொருளாதாரத் தடை என்று நாடு திணறிக்கொண்டிருந்த நேரம். 1993 பிப்ரவரி 16ஆம் தேதி இரவு, கொள்ளளவைத் தாண்டி ஆட்களையும் ஆடுமாடுகளையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு ஜெரெமியிலிருந்து கிளம்பிய கப்பல், மழையும் காற்றுமான கடலில் கவிழ்ந்து மூழ்கியது. பிழைத்தவர்கள் சுமார் 300 பேர்.

இறந்தவர்கள் எத்தனை பேர்? சில நூறு என்றும் சொல்கிறார்கள், ஆயிரத்தைத் தாண்டும் என்றும் சொல்கிறார்கள். கணக்கில் இவ்வளவு வித்தியாசம் வருவதற்குக் காரணம் எளிமையானது. பயணிகள் பட்டியல் என்று ஒன்று கிடையாது. பலர் மதான் சாரா எனப்படும் பெண் வியாபாரிகள். மலையில் விளைந்ததை வாங்கித் தலைநகரச் சந்தையில் விற்று, அந்தக் காசில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். நாட்டின் உணவு வணிகம் இன்றும் அவர்கள் தோளில்தான் நிற்கிறது. பல உடல்களைக் கடல் திருப்பித் தரவே இல்லை.

1964ஐயும் 1993ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் உறுத்துகிறது. 27 பேருக்கு, கொடுங்கோல் ஆட்சி மறைக்கப் பார்த்தும், பெயர் இருக்கிறது. நூற்றுக்கணக்கானவர்களுக்கு, யாரும் மறைக்க முயலாமலேயே, பெயர் இல்லை. முதல் கூட்டத்துக்கு எழுதப் படிக்கத் தெரிந்த, வெளிநாட்டில் காலூன்றிய உறவினர்கள் இருந்தார்கள். இரண்டாவது கூட்டத்தில் பலருக்குப் பிறப்புச் சான்றிதழ்கூட இருந்திருக்காது. ஹெய்ட்டியில் பிறப்பைப் பதிவு செய்ய அரசு அலுவலரைத் தேடிப் போக வேண்டும். மலைக்கிராமத்திலிருந்து அது ஒரு நாள் கூலியையும் ஒரு நாள் நடையையும் கேட்கும். ஏட்டில் பிறக்காதவரை ஏட்டில் இறந்தவராகக் காட்டுவது கடினம்.

இதனால் துருவேன், சான்சாரிக் குடும்பங்களின் துயரம் சிறிதாகிவிடாது. ஆனால் ஜெரெமியின் முக்கியமான இறந்தவர்கள் என்று தொகுக்கும் எவரும் அந்தக் கப்பலை விட்டுவிட்டால், பழைய நிறப் பாகுபாட்டைத் தெரியாமலேயே தொடர்கிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

## எழுத்தில்லாமல் நிலைத்தவரும் உண்டு

ஜெரெமி பக்கம் கொமியே என்ற இடத்தில் வாழ்ந்த குறிசொல்லி அந்த்வான். வருபவர் வாய் திறக்கும் முன்பே வந்த காரியத்தைச் சொல்லிவிடுவார் என்று பெயர். யாருமே எதிர்பாராத ஒன்று நடந்தால் கொமியே அந்த்வானால்கூட இதைக் கணித்திருக்க முடியாது என்று ஹெய்ட்டியர்கள் இன்றும் பேசுவார்கள். அவருக்குப் புத்தகமும் இல்லை, பரிசும் இல்லை. பேச்சு வழக்கே அவரைக் காப்பாற்றியிருக்கிறது. அதனால் ஏடு மட்டுமே வழி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வாய்மொழி ஓர் ஆளைக் கதையாக்கித்தான் காப்பாற்றும். ஒரு கப்பலில் போன நூற்றுக்கணக்கானவர்களை ஒவ்வொருவராகக் காப்பாற்ற அதனால் ஆகாது.

## புயல், நிலநடுக்கம், கும்பல்கள்

2016 அக்டோபர் 4 அன்று மத்தியூ புயல் தென்மேற்கு முனையில் கரையேறியது. ஹெய்ட்டியில் 500க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜெரெமியில் கூரை தப்பிய வீடுகள் மிகக் குறைவு. 2021 ஆகஸ்ட் 14 அன்று 7.2 அளவிலான நிலநடுக்கம் அதே தீபகற்பத்தைக் குலுக்கியது. இறந்தவர்கள் 2,200க்கும் மேல். கூரை போவதென்றால் அலமாரியில் இருந்த ஞானஸ்நானச் சான்றும், திருமணப் புகைப்படமும், நிலப் பத்திரமும் நனைந்து போவது. குடும்பம் கையில் வைத்திருந்த ஒரே ஆதாரம் அப்படித்தான் அழிகிறது.

அப்புறம் சாலை. போர்ட்-ஓ-பிரின்ஸிலிருந்து தெற்கே போகும் இரண்டாம் எண் தேசிய நெடுஞ்சாலை மார்த்திசான் பகுதியைத் தாண்ட வேண்டும். 2021 ஜூன் முதல் அந்தப் பகுதி ஆயுதக் கும்பல்களின் பிடியில் சிக்கியது. 2024 நவம்பரில் தலைநகர விமான நிலையம் அருகே பயணிகள் விமானங்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. உடனே அமெரிக்க விமானங்கள் அங்கே வருவது தடை செய்யப்பட்டது. தலைநகரில் இறந்த ஜெரெமிக்காரரைச் சொந்த நிலத்தில் அடக்கம் செய்வது பல குடும்பங்களுக்கு எட்டாத காரியமாகிவிட்டது. மயாமியில் இருக்கும் மகனோ மகளோ தாயின் அடக்கத்துக்கு வர முடியாமல் அலைபேசியில் பார்க்கிறார்கள்.

## இதனால் என்ன ஆகிறது?

1. நினைவு ஊரைவிட்டு வெளியே நகர்கிறது. வெளிநாட்டு ஹெய்ட்டியர் அனுப்பும் பணம் நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. அடக்கச் செலவையும் கல்லறைக்கு வண்ணம் பூசும் செலவையும் அவர்களே தருகிறார்கள். யாரை நினைப்பது என்று தீர்மானிப்பதும் மெல்ல அவர்கள் கைக்குப் போகிறது. ஆனால் புலம்பெயர்ந்தவர்களில் பழைய மேல்தட்டுக் குடும்பங்களின் பங்கு பெரிது. விவசாயிகளும் சந்தைப் பெண்களும் அந்தப் பட்டியலில் அரிது.

2. ஏடுகளைப் பிரதியெடுப்பது அவசர வேலையாகிறது. பங்குக் கோவில்களின் ஞானஸ்நான, அடக்கப் பதிவேடுகள்தான் பல குடும்பங்களுக்குக் கடைசி ஆதாரம். புயல் பாதையில் உள்ள ஓர் ஊரில் அவை ஒரே ஒரு பிரதியாக இருப்பது ஆபத்து.

3. நெப்டியூன் கப்பலுக்குப் பட்டியல் இன்னும் சாத்தியம். அன்று பிழைத்தவர்களில் பலருக்கும், அம்மாவை அன்று வழியனுப்பிய பிள்ளைகளுக்கும் இன்று நடுவயதோ முதுமையோ. கிராமம் கிராமமாகப் போய், அந்த இரவு உங்கள் வீட்டிலிருந்து யார் கப்பலேறினார்கள் என்று கேட்டு எழுதினால் பெயர்கள் கிடைக்கும். 1964இன் 27 பெயர்களையும் குடும்பங்கள் இப்படித்தான், ஆளுக்கு ஆள் கேட்டுச் சேர்த்தார்கள். இந்த வேலைக்குப் பணத்தை விட, மலை ஏறிப் போய், மக்களின் மொழியான கிரெயோலில் உட்கார்ந்து பேசக்கூடிய ஆட்கள் தேவை. ஜெரெமியின் பள்ளிகளில் அப்படிப்பட்ட மாணவர்கள் இருக்கிறார்கள்.